சென்னையைப் பார்த்த மேடை

ராஜா அண்ணாமலைபுரம்
19.1.2025

அன்புள்ள மாமா,

நான் சுகம். அத்தைக்கு முட்டி வலி முன்னைக்குப் பரவாயில்லை. உன் உடம்பையும் அந்தக் கடைவாய்ப் பல்லையும் பற்றி எழுது.

இந்தத் தடவை மரியாதையாக ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் வார்டு ஆபீசுக்கு மனு கொடுத்த மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். ஆற்றோரத்தில் ஒரே அடிபம்பில் குடத்தை முட்டிக்கொண்டு சண்டை போட்ட காலத்திலிருந்து உன்னை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். கல்யாணம் ஆனதற்காக மாற்ற முடியாது.

பொங்கலுக்கு உன் அம்மா வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு எட்டு மாடி ஏறினேன். ஒவ்வொரு தளத்திலும் ஒருவர், “இன்னாமே, ஊர்வலமா?” என்று கேட்டார்கள். மேலே போனதும் அத்தை கரும்பைப் பார்க்கவில்லை, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.

ஒரு செய்தி. தரமணியில் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு செயற்கைக்கோள் வேலை வந்திருக்கிறது. தொலைத்தொடர்புக்கானது. இன்னும் பேர்கூட வைக்கவில்லை, எல்லாம் காகிதத்தில்தான். பூமத்திய ரேகைக்கு மேலே வெகு உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும். அதனால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதிலிருந்து இறங்கும் அலை எந்தெந்த ஊர் மேல் விழவேண்டும் என்று எல்லை போடுகிற குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். முதல் வரைபடத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் நீ வேலை பார்க்கிற தீவும் உள்ளே இருக்கிறது. ஓரத்தில், நூலிழையில். ஆனாலும் உள்ளேதான்.

நமக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அடுத்த வருஷக் கடைசிக்கு முன்னால் அது மேலே போகாது. நீ சொன்ன மூன்று வருஷம் இந்த டிசம்பரில் முடிகிறது. அது போவதற்குள் நீ வந்துவிடுவாய். ஆனாலும் திரையில் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன். கண் நிறைந்துவிட்டது, மாமா.

இப்படிக்கு,
டிசம்பருக்காகக் காத்திருக்கும்
கயல்


துணை சுகாதார நிலையம்
16.2.2025

அன்பு கயலுக்கு,

சுகமாக இருக்கிறேன். பல் மட்டும்தான் எதிரி. உன் உடம்பையும் அம்மாவின் முட்டியையும் கவனித்துக்கொள். எட்டு மாடி ஏறியதற்கு என் கும்பிடு.

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். அந்தச் செயற்கைக்கோள் செய்தியை மட்டும் திரும்பவும் படித்தேன். கயலு, அது எங்களுக்கு என்னவென்று உனக்குத் தெரியாது. போன மாதம் ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்திருந்தது. இங்கே நர்ஸ் நான் ஒருத்தன்தான், டாக்டர் இருப்பது பெரிய தீவில். இங்கே போனுக்கு டவர் கிடையாது, இருப்பது போலீஸ் அவுட்போஸ்ட் வயர்லெஸ் மட்டும்தான். டாக்டர் அங்கே கேட்பதைக் கான்ஸ்டபிள் கபாலி இங்கே காதில் வாங்கி, ஜன்னல் வழியாக எனக்குக் கத்திச் சொல்ல, நான் குழந்தையைப் பார்த்துவிட்டு அவரிடம் கத்த, அவர் திரும்ப அங்கே சொல்ல வேண்டும். அதற்குள் தாய்க்காரி மயங்கிவிட்டாள். அவளைக் கவனிப்பதா, குழந்தையைக் கவனிப்பதா? டாக்டர் ஒரே ஒரு நிமிஷம் அந்தக் குழந்தையைக் கண்ணால் பார்த்திருந்தால் போதும். குழந்தை பிழைத்துவிட்டது. அது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, அதற்கு ஆயுசு கெட்டி.

அதனால் கேட்கிறேன். எங்கள் தீவு நிச்சயமாக உள்ளே இருக்கிறதா? ஓரம் என்றால் எவ்வளவு ஓரம்? யாராவது அழித்துவிட மாட்டார்களே?

அது வந்துவிட்டால் பிரிந்திருப்பதே பிரிவு மாதிரி இருக்காது, இல்லையா? தினமும் உன் முகத்தைப் பார்க்கலாம். நீ திட்டுவதைக் கேட்கலாம்.

உன்,
செம்பியன்


ராஜா அண்ணாமலைபுரம்
23.3.2025

அன்புள்ள மாமா,

இருவரும் நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. நீ தொப்பி போட்டுக்கொள்கிறாயா?

குழந்தை பிழைத்ததைப் படித்துவிட்டுத்தான் மூச்சு வந்தது. ஆனால் உன் கடிதத்தில் ஒரு வார்த்தை தொண்டையில் முள்ளாக நிற்கிறது. போன வருஷம் வரை ‘இந்தத் தீவு’ என்று எழுதுவாய். இப்போது ‘எங்கள் தீவு’. எப்போதிலிருந்து?

பக்கத்து மேசை ஷோயப் ஒன்று சொன்னான். அவன் மச்சான் உன்னைப் போலவே ஒரு தீவில் வேலை பார்த்தவராம். மூன்று வருஷம் முடிகிற வருஷத்தில் ஆபீசிலிருந்து கூப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கேட்பார்களாம். உன்னைக் கேட்டார்களா? கேட்டால் என்ன சொல்வாய்?

சும்மா கேட்கிறேன் என்று எழுத நினைத்தேன். சும்மா கேட்கவில்லை. அத்தையும் இதையேதான் கேட்கிறது. “இன்னாடி, வர்றானா இல்லியா? நல்லா கேட்டு எய்து. நீ அவன தாங்கிக்கினே கீற” என்று எனக்குத்தான் திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை தி.நகர் போய் அத்தைக்கு ஒரு சேலை எடுத்தேன். கூட்டத்தில் உன்னைப் போலவே முன்னால் ஒரு முதுகு போனது. பாத்திரக் கடை வரைக்கும் அதன் பின்னாலேயே போய்விட்டேன். திரும்பிய ஆளுக்குப் பெரிய மீசை. அசடு வழிந்துகொண்டு ஒரு கரண்டி வாங்கிவந்தேன்.

பதிலை மழுப்பாமல் எழுது.

கயல்


துணை சுகாதார நிலையம்
20.4.2025

அன்பு கயலுக்கு,

நலம். தொப்பி போடுகிறேன். மீசைக்காரனின் முதுகில் உனக்கு என்ன வேலை? இருந்தாலும் கரண்டி வந்ததே, சந்தோஷம்.

பல் விவகாரம் முடிந்தது. தடுப்பூசி மருந்து எடுக்கப் பெரிய தீவுக்குப் போனபோது அங்கேயே பிடுங்கிக்கொண்டேன். கன்னம் வீங்கி, படகு கிடைக்காமல் இரண்டு நாள் கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நிலையத்தின் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாயிற்று. கிணற்றைத் தூர் வாரினோம். வடிவேலு அண்ணன் எனக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுக்கிறார். அவரும் நம்ம ஊர்தான், காசிமேட்டிலிருந்து வந்து இங்கேயே தென்னந்தோப்பு போட்டு நிலைத்துவிட்டார். நான் துடுப்புப் போடுகிற அழகைப் பார்த்து, “நைனா, நீ ஊசி போடு, அத்தோட நிறுத்திக்கோ” என்கிறார். பின்பக்கம் முருங்கைப் போத்து நட்டிருக்கிறேன். துளிர்த்துவிட்டது. அடுத்த வருஷம் காய்க்கும்.

செயற்கைக்கோள் என்ன ஆயிற்று? அது இல்லை என்று ஆனால் நான் வந்துவிடப் போகிறேன், வேறென்ன? ஆனால் இருக்கவேண்டும், கயலு. இங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். குளிக்கப் போனால்கூட எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

அம்மாவுக்கு முட்டிக்குத் தடவ எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

உன்,
செம்பியன்


ராஜா அண்ணாமலைபுரம்
1.6.2025

அன்புள்ள மாமா,

எண்ணெய் வந்தது. பாதி பார்சலிலேயே ஒழுகி, மீதி அத்தையின் முட்டிக்குப் போனது. வலி குறைந்திருக்கிறது என்கிறது, உனக்காகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு ஒரு வாரமாக ஜலதோஷம்.

கூரை, கிணறு, துடுப்பு, முருங்கை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மட்டும் காணோம். அடுத்த வருஷம் அந்த முருங்கைக்காயை யார் குழம்பில் போடுவது, மாமா?

சரி, ஆபீஸ் சங்கதி. வெளியே சொல்லக் கூடாது, ஆனால் நீ யாரிடம் சொல்லப்போகிறாய், மீனிடமா? செயற்கைக்கோளின் எடை கூடிவிட்டது. குறைக்கச் சொல்லிவிட்டார்கள். எடை குறைந்தால் சக்தி குறையும். சக்தி குறைந்தால் அலையைப் பழையபடி அகலமாக விரிக்க முடியாது. தோசை மாவுதான். இருக்கிற மாவை ரொம்ப இழுத்தால் நடுவில் ஓட்டை விழும். அதனால் இப்போது என் மேசையில் இரண்டு வரைபடம் இருக்கின்றன. ஒன்றில் ஓரத்துத் தீவுகளை வெட்டிவிட்டுக் கரையோர ஊர்களுக்கு வேகத்தைக் கூட்டியிருக்கிறது. இன்னொன்றில் கரைக்குக் கொஞ்சம் குறைத்து, எல்லையை ஒரு மூலையில் இழுத்துத் தீவுகளையும் மூடியிருக்கிறது. இரண்டில் எது என்று சிபாரிசு எழுத வேண்டியது நான். செப்டம்பர் கடைசிக்குள்.

எங்கள் தலைவர் வெங்கடரமணனிடம் போய், என் வீட்டுக்காரர் அந்தத் தீவில்தான் இருக்கிறார், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். மயிலாப்பூர் மனுஷர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உன் ஆத்துக்காரர் இருக்கார்ங்கறதுக்காகச் சேர்க்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கணக்கு என்ன சொல்றதோ அதை எழுது. எப்படியும் நான் பார்த்துண்டுதானே அனுப்பப் போறேன்” என்றார்.

கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? இரண்டும் சரி என்கிறது. இதற்கு இதுதான் விலை என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அது இல்லை என்று ஆனால் வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். என் கையால் ஒரு பத்தி எழுதினால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். பறக்கும் ரயிலில் உட்கார்ந்தால் மந்தைவெளியிலிருந்து தரமணி வரைக்கும் இதே நினைப்புத்தான். எனக்கு நீ வேண்டும். இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல். தீவு உள்ளே வந்தால், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாயா?

கயல்


துணை சுகாதார நிலையம்
6.7.2025

அன்பு கயலுக்கு,

ஜலதோஷம் தேவலையா? சுக்குக் கஷாயம் போடு. நான் நலம்.

உள்ளே போடு, கயலு. யோசிக்காதே. கரையோர ஊர்களுக்கு வேறு வழி நூறு இருக்கிறது. எங்களுக்கு இது ஒன்றுதான்.

இங்கே நாங்கள் தயாராகிவிட்டோம். நிலையத்துக்குப் பக்கத்தில் டிஷ் வைக்கச் சிமெண்டு மேடை கட்டிவிட்டேன். சிமெண்டு எடுத்துவர நானே பெரிய தீவுக்குப் போய்வந்தேன். அங்கேயும் வேலை இழுத்துவிட்டது, ஒரு வாரம் ஆகிவிட்டது. கபாலி கலவை கலந்தார். காம்பஸ் வைத்துப் பார்த்து, மேடையைச் சரியாகச் சென்னையைப் பார்த்துத் திருப்பியிருக்கிறேன். வடமேற்கு. இஞ்சு பிசகாது.

அந்தத் திசையில் ஒரு தென்னை மறைத்தது. வடிவேலு அண்ணனுடையது, நன்றாகக் காய்க்கிற மரம். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் மகள் நிலாவை வடபழனியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அவளுக்குப் பிறந்த குழந்தையை இவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னதும், உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து, “எது, இதா?” என்று மட்டும் கேட்டார். வெட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். மரம் இருந்த இடத்தில் இப்போது வெறும் கடல் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் நீ இருக்கிறாய்.

சாயங்காலம் நோயாளி இல்லாவிட்டால் மேடை மேல் உட்கார்ந்து அந்தத் திசையைப் பார்க்கிறேன். இந்நேரம் ரயிலில் இருப்பாள், இந்நேரம் அரிசி களைவாள் என்று.

உன்,
செம்பியன்


ராஜா அண்ணாமலைபுரம்
10.8.2025

என் மக்கு மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். ஜலதோஷம் போயே போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அழுதுகொண்டும் இருக்கிறேன். ஆபீசில் உன் கடிதத்தைப் பிரித்தபோதும் இதே கதிதான், ஷோயப் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

மாமா, டிஷ் சென்னையைப் பார்க்க வேண்டாம். செயற்கைக்கோளைப் பார்க்க வேண்டும். அது இருக்கப்போவது உனக்கும் எனக்கும் தெற்கே, இலங்கைக்கும் கீழே கடலுக்கு மேல். உன் தீவிலிருந்து தென்மேற்கு. அதுவும் அடிவானத்தில் இல்லை, ஏறக்குறைய தலைக்கு மேலே. அந்தத் தென்னை எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் மறைத்திருக்காது. நீ கட்டிய மேடையில் டிஷ்ஷை வைத்தால் அது வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வடிவேலு அண்ணனிடம் என் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேள். நான் முதல் கடிதத்திலேயே திசையையும் எழுதியிருக்க வேண்டும். நீ என் பக்கம் திரும்பிக் கட்டுவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆபீசில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு ஒருத்தன் கல்லும் சிமெண்டுமாக மேடை கட்டி என்னைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறான். அதைத் தப்பு என்று நானே எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் மேலே போய்க் கீழே வருவதால் பேச்சு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஒருத்தர் கேட்டு, மற்றவர் சொன்ன பதில் வந்து சேர அரை நொடிக்கு மேல் ஆகும். எப்படி இருக்கும் என்று பார்க்க ஆபீசில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷோயப் உட்கார்ந்தான், இந்தப் பக்கம் நான். என்ன வேண்டுமானாலும் பேசு என்றான். எனக்கு வேறு எதுவும் வரவில்லை. “எப்போ வர்ற?” என்று கேட்டுவிட்டேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், “வரேன்” என்றான். அவன் உதடு அசைந்துவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. அந்த நேரத்துக்குள் என் நெஞ்சு படபடத்ததை என்னால் எழுத முடியாது. எவனோ ஒரு பையன் சொல்லும் பதிலுக்கே இப்படி.

நீ எத்தனை மாதமாகச் சொல்லாமல் இருக்கிறாய் என்று பார்.

கயல்


ராஜா அண்ணாமலைபுரம்
21.9.2025

மாமா,

நாங்கள் நலம். உன் நலம் தெரியவில்லை.

இங்கே இரண்டு கப்பல் வந்துவிட்டது, உன் கடிதம் இல்லை. உன் பக்கம் கடல் சரியில்லை, சின்னப் படகுகள் ஓடவில்லை என்று கப்பல் ஆபீசில் சொன்னார்கள். இருக்கலாம். வேலை ஓடாமல் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். முன்பே படித்ததுதான். ஆனால் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே படித்துவிட்டேன்.

ஏப்ரலில் பல் பிடுங்கப் பெரிய தீவுக்குப் போயிருக்கிறாய். இரண்டு நாள் கடைத்தெருவில் சுற்றினேன் என்கிறாய். அப்புறம் சிமெண்டுக்குப் போயிருக்கிறாய். ஒரு வாரம். பெரிய தீவில் டவர் இருக்கிறது, மாமா. போன வருஷம் அங்கே போகும்போதெல்லாம் படகிலிருந்து இறங்கியதும் எனக்குத்தான் போன் பண்ணுவாய். காது சூடாகிற வரைக்கும் பேசுவோம்.

இந்த வருஷம் ஏன் பண்ணவில்லை?

நான் இங்கே உனக்காக ஆகாயத்தில் வழி போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் சட்டைப் பையில் போன் இருந்தது, அதில் சிக்னல் இருந்தது. நீ கூப்பிடவில்லை. உன் குறை செயற்கைக்கோள் இல்லாதது அல்ல.

அடுத்த வாரம் சிபாரிசைக் கொடுக்க வேண்டும். உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கயல்


துணை சுகாதார நிலையம்
19.10.2025

அன்பு கயலுக்கு,

உடம்பு நலம். மனசு இல்லை. நீயும் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் இரண்டு கடிதமும் ஒரே படகில் வந்தன. சிரித்ததை முதலில் பிரித்தேன். கோபித்ததைப் பிறகு பிரித்தேன். வரிசை மாறியிருந்தால் சிரித்ததைப் படித்திருக்கவே மாட்டேன்.

சிமெண்டு வாங்கப் போனபோதே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம். வேலை இழுத்துவிட்டது என்று எழுதினேனே, அதுதான் வேலை. நீ உள்ளே போட்டாலும் வெளியே போட்டாலும் நான் டிசம்பரில் வருவதாக இல்லை. அது இல்லை என்றால் வந்துவிடுவேன் என்று எழுதியது பொய். எழுதும்போதே தெரியும்.

பெரிய தீவில் கடைத்தெருவில் நின்று போனை எடுத்தேன். உன் பேர் வரைக்கும் போனேன். முதல் கேள்வியே, எப்போ வர்ற என்றுதான் கேட்பாய். கடிதத்தில் கேள்வியைத் தாண்டிக் குதித்துக் கிணற்றையும் முருங்கையையும் எழுதிவிடலாம். போனில் உன்னிடம் என்னால் முடியாது. திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும்.

ஏன் என்று கேட்பாய். ஆற்றோரத்தில் நம்ம வீட்டு வரிசையை இடித்த அன்றைக்கு நீயும் இருந்தாய். லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டுபோய் எட்டாவது மாடியில் இறக்கினார்கள். அங்கே இருந்த நாளில் ஒரு தடவைகூட, வீட்டுக்குப் போகிறேன் என்று என் வாயில் வந்ததில்லை. மாடிக்குப் போகிறேன் என்றுதான் வரும். கீழே யாருக்கும் நான் யார் என்று தெரியாது. இங்கே ஒருத்தருக்கு வலி என்றால் என் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார்கள். நான் இல்லாவிட்டால் தட்டக் கதவு இல்லை. திரும்பி வா என்கிறாய். எங்கே திரும்புவது? எனக்கு ஊர் இல்லை, கயலு.

அப்படியென்றால் நீ இங்கே வா என்று கேட்கவேண்டும். கேட்கவில்லை. நம்ம வரிசையிலிருந்து தரமணியில் போய் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது நீ ஒருத்திதான். அதிலிருந்து எழுந்து வா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால்தான் அந்தச் செயற்கைக்கோளைப் பிடித்துத் தொங்கினேன். அது வந்தால் நான் வராததும் தெரியாது, நீ வராததும் தெரியாது என்று நினைத்தேன்.

வடிவேலு அண்ணனிடம் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர், “தப்பா கட்னா இன்னா நைனா? எம் பொண்ணு கீற பக்கம்தான பாக்குது. இருந்துட்டுப் போவட்டும்” என்றார். இப்போது சாயங்காலத்தில் அவரும் வந்து உட்காருகிறார்.

திட்டு. ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

உன்,
செம்பியன்


ராஜா அண்ணாமலைபுரம்
16.11.2025

மாமா,

அத்தை நலம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். நலம் என்றால் அவ்வளவுதான்.

முதலில் ஆபீஸ் விஷயம். தீவுகள் உள்ளே. உன் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் மேல் கொலைவெறியில் இருந்த வாரத்தில்தான் எழுதினேன். வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகக் கத்திய கபாலியும் மயங்கி விழுந்த அந்தப் பெண்ணும் கண் முன்னால் வந்து நின்றார்கள். நீ அங்கே இல்லாமல் வேறு எவன் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். வெங்கடரமணன் படித்துவிட்டு ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினார். மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் நடக்கும். இன்னும் திட்டம்தான். தள்ளிப் போனாலும் போகும்.

இனி நம் விஷயம். கையெழுத்துப் போட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். போன் பண்ணாததைக் கொஞ்ச நாள் கழித்து மன்னிப்பேன். எனக்கு ஊர் இல்லை என்று எழுதினாயே, அதை எப்படி மன்னிப்பது?

அந்த லாரியில் நானும்தான் ஏறினேன், மாமா. என் வீட்டையும்தான் இடித்தார்கள். இப்போது அங்கே சுவரும் நடைபாதையும் போட்டு, காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நம்ம அடிபம்பு எங்கே இருந்தது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஊர் இல்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏன் தெரியுமா? நீ இருந்தாய். லாரியில் என் எதிரே, உன் வீட்டு ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சரி, ஊர் நம்மோடுதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதே ஆள் எனக்கு எழுதுகிறான், ஊர் இல்லையாம். அப்போ நான் யாரு?

நான் இந்த அறைக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உறை மேல் விலாசம் எழுதுகிறாய். உள்ளே ஒரு தடவையாவது, அந்த வீடு எப்படி இருக்கிறது, காற்று வருமா, எந்தப் பக்கம் ஜன்னல் என்று கேட்டிருக்கிறாயா? நீ வந்து பார்க்கப்போகிறாய் என்று அலமாரியில் பாதி இடம் விட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத்தான் துடைக்கிறேன்.

நீ அங்கேயே இரு. அவர்கள் தட்டக் கதவு வேண்டும், அது எனக்குப் புரியாமல் இல்லை. நான் அங்கே வருவதா என்பதை, நீ கேட்டால் யோசிப்பேன். கேட்காமலே எனக்காக நீ முடிவு செய்ய வேண்டாம். ஆனால் ஊர் இல்லை என்று மட்டும் இனிமேல் எனக்கு எழுதாதே.

வெளியே மழை. குடையை ஆபீசில் விட்டுவிட்டேன்.

கயல்


துணை சுகாதார நிலையம்
9.12.2025

என் கயலுக்கு,

நலம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேடைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரி.

விடுப்புக் கேட்டு வயர்லெஸ்ஸில் பேசினேன். பொங்கலுக்கு முன்னால் கிளம்பும் கப்பலில் வருகிறேன். பதினைந்து நாள், அதற்கு மேல் கிடைக்கவில்லை. அதுவரை நிலையத்தைப் பார்க்கப் பெரிய தீவிலிருந்து ஒருத்தர் வருகிறார். பிறகு நான் இங்கே திரும்ப வேண்டும், அது மாறவில்லை. உன்னிடம் கேட்கவேண்டியதை நேரில் கேட்கிறேன். நீ என்ன சொன்னாலும் சரி.

துறைமுகத்திலிருந்து நேரே உன்னிடம்தான் வருவேன். அம்மாவை மறுநாள் சேர்ந்தே போய்ப் பார்க்கலாம். மந்தைவெளியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எந்தக் கடைக்கு எதிரே, எந்த மாடி, என்ன நிறக் கதவு, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பொண்டாட்டி வீட்டுக்கு வழி தெரியாத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடிதத்தில் எழுதிக் கேட்டு, பதில் வந்து சேர்வதற்குள் கப்பலே கிளம்பிவிடும். அதனால் சனிக்கிழமை பெரிய தீவுக்குப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் போன் பண்ணியிருப்பேன். நீ வாயைத் திறப்பதற்கு முன்னால் நான்தான் முதலில் கேட்டிருப்பேன், நம்ம வீட்டுக்கு எப்படி வரணும், கயலு என்று.

உன்,
செம்பியன்